தின்னர், டிகிரீசர் தோலைக் கடிக்குமான்னு கண்டுபிடிக்கிறது எப்படி – கையில ஊத்திப் பாக்காம

ஹட்டன்ல இருந்து தலவாக்கலை, நானுஓயா தாண்டி நுவரெலியா வரைக்கும் ஏ7 ரோட்டு ஓரமா எத்தனை கராஜ், எத்தனை டிங்கரிங் பட்டறை இருக்குன்னு அந்தப் பக்கம் பஸ்ல போறவங்களுக்குத் தெரியும், அதோட டவுனுக்குள்ள அச்சகம், தளபாடத்துக்கு பொலிஷ் அடிக்கிற கடை, சப்பாத்து ஒட்டுற கடை, தேயிலை பெக்டரியில மெஷின் கழட்டிப் பூட்டுற பொடியன்மார், இவங்க எல்லாருக்கும் பொதுவான ஒரு சாமான் தின்னரோ (பெயின்ட் எளக்குறது) டிகிரீசரோ (கிரீஸ் எடுக்கிறது) ஏதோ ஒரு சோல்வன்ட், அதாவது மத்த சாமானக் கரைக்கிற திரவம். புதுசா ஒரு கேன் வந்தா அது தோலுக்கு ஆகுமா ஆகாதான்னு பாக்க நம்ம ஆளுங்க கையில எடுக்கிற ஒரே வழி, மூடியத் தொறந்து புறங்கையில கொஞ்சம் ஊத்தித் தேச்சுப் பாக்குறது. எரியலன்னா "ஒன்னும் செய்யாது மச்சான்"னு சொல்லிட்டு அன்னைக்கு சாயந்தரமே அதுல கை கழுவ ஆரம்பிச்சிருவாங்க.

இந்த முறைய தயவுசெஞ்சு விட்டுருங்க. இது ஆபத்துங்கிறது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் இது சொல்ற பதிலே தப்பு. அசிட்டோன் மாதிரி ஒரு சாமான் தோல்ல பட்ட உடனே ஆவியாகி ஜில்லுன்னு இருக்கும், சுகமாக்கூட இருக்கும், ஆனா அது போகும்போது தோல்ல இருந்த எண்ணெய்ப் பசையையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்கும். நம்ம தோலோட ஆக மேல இருக்குற செத்த செல் அடுக்கு பெரும்பாலான இடத்துல வெறும் 10ல இருந்து 20 மைக்ரோன் தடிப்புதான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல அம்பதுல ஒரு பங்கு கூட சரியா வராது. அந்த அடுக்குக்குள்ள இருக்குற கொழுப்புதான் தண்ணிய உள்ளயும் விஷத்த வெளியயும் நிறுத்தி வைக்குது. சோல்வன்ட்டோட வேலையே கொழுப்பக் கரைக்கிறது, எஞ்சின்ல இருக்குற கிரீஸுக்கும் நம்ம தோல்ல இருக்குற கொழுப்புக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. ஒருதரம் பட்டா உடம்பு சரிபண்ணிக்கும். ஒரு நாளைக்குப் பத்துத்தரம், மாசக்கணக்கா பட்டா சரிபண்ண நேரம் கெடைக்காது, அப்பதான் வெடிப்பு, செவப்பு, எரிச்சல் எல்லாம் வரும். அதனால அஞ்சு நிமிஷத்துல எரியுதா இல்லையான்னு பாக்குற டெஸ்ட்டுல இந்த விஷயம் மாட்டவே மாட்டாது.

டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி எதத் தேடுறோம்னு தெரிஞ்சிருக்கணும், ஏன்னா "தோலுக்கு ஆகாது"ங்கிறதுல நாலு வேற வேற சங்கதி இருக்கு. ஒன்னு, தோல அப்படியே சுட்டுப் பொத்துப்போக வைக்கிறது, கார்பன் எடுக்கிற சில ஸ்ட்ரிப்பர், காஸ்டிக் கலந்த டிகிரீசர் அந்த ரகம். ரெண்டு, எரிச்சல், இது யாருக்கும் வரும், எவ்வளவு பட்டுச்சு எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கிறதுதான் கணக்கு. மூணு, அலர்ஜி, இது ஒருத்தருக்கு வரும் பக்கத்துல நிக்கிறவருக்கு வராது, ஒருக்கா உடம்பு பழகி எதுத்துக்கிட்டா அதுக்குப் பெறகு ஒரு துளி பட்டாலும் ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு அரிப்பும் தடிப்பும் கெளம்பும். நாலாவதுதான் ரொம்ப மோசம், தோலுக்கு ஒன்னும் ஆகாம அது வழியா உள்ள போறது. மெத்தனோல் அப்படித்தான், தோல்ல பெருசா எதுவும் காட்டாது, ஆனா தோல் வழியா ரத்தத்துக்குப் போய் கண் நரம்ப பாதிக்கிற அளவுக்கு விஷம். கையில ஊத்திப் பாத்து எரியலன்னு சொல்றவர் இந்த நாலுல எதையுமே சரியா பாக்கல.

சரி, அப்ப எப்படிப் பாக்குறது. தோல்ல இருந்து ஆரம்பிக்கக் கூடாது, பேப்பர்ல இருந்து ஆரம்பிக்கணும். உலகத்துல பெரிய லெப்ல செய்றவங்களும் இதே வரிசையிலதான் போறாங்க, உயிருள்ள தோல் அவங்களுக்கும் கடைசி.

மொதல்ல சாமானோட பேரு. நம்ம பக்கம் உள்ள பெரிய பிரச்சினையே இதுதான், ஹாட்வெயார் கடையில பெரிய பீப்பாவுல இருந்து பழைய தண்ணி போத்தல்ல ஊத்திக் குடுப்பாங்க, லேபிள் இருக்காது, "தின்னர்"ன்னு மட்டும் தெரியும். தின்னர்ங்கிறது ஒரு சாமான் இல்ல, நாலஞ்சு சோல்வன்ட் கலந்த கலவை, கம்பனிக்குக் கம்பனி மாறும். அதனால சீல் வச்ச டின்னுல லேபிளோட வர்றத வாங்குங்க, வெல கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பரவால்ல. பேரு தெரியாத போத்தலுக்கு எந்த டெஸ்ட்டும் பண்ணிப் பிரயோசனம் இல்ல, அத ஆக மோசமான சாமான்னே வச்சுக்கிட்டு தோல்ல படாமப் பாத்துக்கணும். லேபிள்ல சிவப்பு கரை போட்ட வைரம் மாதிரி கட்டத்துக்குள்ள படம் இருக்கும். உள்ள ஆச்சரியக்குறி இருந்தா எரிச்சல் மாதிரியான சங்கதி, ஒரு கையையும் உலோகத்தையும் ஏதோ சொட்டி அரிக்கிற மாதிரி படம் இருந்தா அது சுடுற ரகம், நெஞ்சுல நட்சத்திரம் வெடிச்ச மாதிரி ஆளு படம் இருந்தா நீண்ட நாள் பாதிப்பு.

அடுத்தது எஸ்டிஎஸ், பாதுகாப்புத் தரவுத் தாள். கடைக்காரர்கிட்ட இருக்காது, ஆனா டின்னுல உள்ள கம்பனி நம்பருக்கு போன் பண்ணியோ வட்ஸப் பண்ணியோ கேட்டா பிடிஎஃப் அனுப்புவாங்க, கேக்குறது நம்ம உரிமை, வெக்கப்பட ஒன்னும் இல்ல. 16 பகுதி இருக்கும், பயந்துறாதீங்க, நமக்கு வேண்டியது சிலது மட்டும். 2ஆவது பகுதியில எச்ன்னு ஆரம்பிச்சு மூணு இலக்கம் வர்ற கோட் இருக்கும், அதத்தான் மொத பாக்கணும். எச் 314ன்னா தோல கடுமையா சுடும். எச் 315ன்னா தோல் எரிச்சல். எச் 317ன்னா தோல் அலர்ஜி வரலாம். எச் 310, 311, 312 மூணும் தோல் வழியா உள்ள போய் விஷமாகுற சங்கதி, இலக்கம் கொறையக் கொறைய மோசம். ஈயூஎச் 066ன்னு ஒன்னு இருக்கும், திரும்பத் திரும்பப் பட்டா தோல் காஞ்சு வெடிக்கும்னு அர்த்தம். இந்தக் கடைசி கோட்ட நெறைய பேர் சின்ன விஷயம்னு தாண்டிப் போயிர்றாங்க, ஆனா கராஜ்ல நாள் முழுக்க வேலை செய்றவருக்கு ஆகக் கூடுதலா வர்ற பிரச்சினை இதுதான்.

கொஞ்சம் சாமான் பேரு சொல்றேன், எஸ்டிஎஸ் கெடைக்கிற வரைக்கும் உதவும். டொலுயீன், சைலீன், ஹெக்ஸேன், டைகுளோரோமீத்தேன் நாலுக்கும் எச் 315 உண்டு, அதாவது எரிச்சல்னு முடிவு பண்ணியாச்சு, நீங்க திரும்பி டெஸ்ட் பண்ண வேண்டிய அவசியமே இல்ல. சைலீனுக்கு எச் 312உம் சேந்து வரும். அசிட்டோனுக்கும் எம்ஈகேக்கும் (மீத்தைல் ஈத்தைல் கீட்டோன்) எச் 315 இல்ல, ஆனா ஈயூஎச் 066 இருக்கு, கண்ணுக்கும் எரிச்சல். டர்பன்டைன், அதாவது மரத்துல இருந்து எடுக்கிற அசல் டர்பன்டைன், எரிச்சல் அலர்ஜி ரெண்டும். "இயற்கைச் சாமான், ஒன்னும் செய்யாது"ன்னு விக்கிற ஒரேஞ்சுத் தோல் வாசம் உள்ள டிகிரீசர்ல லிமோனீன் இருக்கும், அதுக்கும் எச் 315, எச் 317 ரெண்டும் இருக்கு, காத்துப் பட்டுப் பழசாகப் பழசாக அலர்ஜி பண்ற குணம் கூடும். வாசத்த வச்சு நல்லது கெட்டது சொல்ல முடியாது.

3ஆவது பகுதியில கலவை இருக்கும், பேரு, காஸ் (CAS) நம்பர், அதாவது ஒவ்வொரு இரசாயனத்துக்கும் குடுத்த தனி இலக்கம், அப்புறம் வீதம். ஒரே சாமானுக்கு பத்துப் பேரு இருந்தாலும் காஸ் நம்பர் ஒன்னுதான், டொலுயீனுக்கு 108-88-3, சைலீனுக்கு 1330-20-7, அசிட்டோனுக்கு 67-64-1, மெத்தனோலுக்கு 67-56-1. 2ஆவது பகுதியில ஒன்னுமே போடாம 3ஆவது பகுதியில இந்த நம்பர் இருந்தா அந்தத் தாள நம்பாதீங்க, நீங்களே கணக்குப் போட்டுப் பாக்கலாம், கஷ்டமில்ல. இரசாயனத்தோட ஆபத்த ரகம் பிரிக்கிற ஐக்கிய நாடுகளோட ஜிஎச்எஸ் முறையில கலவைக்கு ஒரு கூட்டல் கணக்கு இருக்கு: எரிச்சல் ரகம் எல்லாத்தோட வீதத்தையும் கூட்டினா 10 அல்லது அதுக்கு மேல வந்தா மொத்தக் கலவையும் எரிச்சல்தான். சுடுற ரகம் 5 வீதம் அல்லது அதுக்கு மேல இருந்தா கலவையே சுடுற ரகம், 1க்கும் 5க்கும் நடுவுல இருந்தா எரிச்சல் ரகம். ரெண்டும் கலந்து இருந்தா சுடுறத பத்தால பெருக்கி எரிச்சலோட கூட்டணும், அது 10 வந்தாலும் எரிச்சல்.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். ஒரு தின்னர் தாள்ல டொலுயீன் 40–60, அசிட்டோன் 20–30, ஐசோபுரோப்பைல் அல்கஹோல் 10–20ன்னு இருக்குன்னு வைங்க. வீச்சா குடுத்திருந்தா எப்பவும் மேல உள்ள இலக்கத்த எடுங்க. எரிச்சல் ரகம் டொலுயீன் மட்டும்தான், 60, பத்த விட எவ்வளவோ மேல, ஆக எச் 315, கதை முடிஞ்சது. இன்னொரு கிளீனர்ல சைலீன் 6, லிமோனீன் 5, மிச்சம் வெள்ளை ஸ்பிரிட்னு (பெட்ரோலியத்துல இருந்து எடுக்கிற சோல்வன்ட்) இருந்தா தனித்தனியா பாத்தா ரெண்டும் கொறைவு மாதிரி தெரியும், கூட்டினா 11, அதுவும் எரிச்சல்தான். ஒரே ஒரு விஷயம் கவனிக்கணும், காஸ்டிக் சோடா மாதிரி கடும் காரத்துக்கு இந்தக் கூட்டல் பொருந்தாது, அது வெறும் 0.5 வீதத்துலயே எரிச்சல் ரகத்துக்கு வந்துரும், 2 வீதத்துல சுட ஆரம்பிச்சிரும்.

இந்தக் காரம் அமிலம் சங்கதிய பட்டறையிலயே பாத்துக்கலாம், செலவு பிஎச் பேப்பர் ஒரு கட்டு மட்டும்தான், ஸ்கூலுக்கு லெப் சாமான் விக்கிற கடையில கேட்டுப் பாருங்க. சுத்தமான சோல்வன்ட்டுக்கு பிஎச்ன்னு ஒன்னு இல்ல, பேப்பர நேரா முக்கினா காட்டுறது பொய். சின்னக் கண்ணாடிப் போத்தல்ல சாமான் ஒரு தேக்கரண்டி, சுத்தமான தண்ணி ஒரு தேக்கரண்டி, மெதுவா சுத்திவிட்டு மூடிய லேசா தொறந்து காத்த விட்டுட்டு அப்புறம் அப்படியே வைங்க. ரெண்டும் பிரிஞ்சு நின்னா தண்ணிப் பக்கம் கீழயா மேலயான்னு பாத்து அதுல பேப்பரப் பிடிங்க, பெரும்பாலும் தண்ணி கீழ நிக்கும், டைகுளோரோமீத்தேன் மாதிரி கனமான சாமானா இருந்தா தண்ணி மேல நிக்கும். பிஎச் 2 அல்லது அதுக்குக் கீழ, இல்லாட்டி 11.5 அல்லது அதுக்கு மேல வந்தா அது தோலச் சுடும்னு எடுத்துக்கிட்டு அதோட எல்லா டெஸ்ட்டையும் நிப்பாட்டிருங்க. சர்வதேச விதியிலயும் நிறுத்துற எல்லை இதுதான். ஒரு தடவ பாவிச்சுத் திரும்ப வடிகட்டி வச்சிருக்குற சோல்வன்டுக்கும் இதச் செஞ்சு பாருங்க, அதுல பழைய ஸ்ட்ரிப்பரோ பெட்டரி அசிட்டோ கலந்திருந்தா தெரிஞ்சிரும். இதெல்லாம் வெளிய, காத்தோட்டத்துல செய்யணும், லயத்துக் குசினியில விறகடுப்பு பக்கத்துல வேண்டவே வேண்டாம், இந்த ஆவி காத்த விடக் கனம், தரையோட ஊர்ந்து போய் நெருப்பத் தேடிப் பிடிக்கும்.

இன்னொன்னு செஞ்சு காட்டலாம், இது எரிச்சல் டெஸ்ட் இல்ல, ஆனா கொழுப்ப எவ்வளவு இழுக்கும்னு கண்ணால பாக்கலாம், புது வேலைக்கு வர்ற பொடியன்களுக்குச் சொல்லிக் குடுக்க இத விட நல்ல வழி எனக்குத் தெரியாது. நம்ம குளிருக்கு காலையில தேங்காய் எண்ணெய் போத்தல்ல வெள்ளையா ஒறஞ்சு போய்த்தானே இருக்கும். அதுல கொஞ்சம் எடுத்து ஒரு துண்டுக் கண்ணாடியில மெல்லிசா பூசுங்க, மங்கலா வெள்ளைப் படலம் தெரியும். ஒரு பக்கம் ஒரு துளி தண்ணி, இன்னொரு பக்கம் ஒரு துளி தின்னர், நடுவுல ஒரு துளி மண்ணெண்ணெய். தண்ணி உருண்டையா அப்படியே ஒக்காந்திருக்கும். தின்னர் விழுந்த எடத்துல படலம் ஓரத்துல இருந்து கரைஞ்சு விரிஞ்சு, அடியில உள்ள கண்ணாடி வட்டமா பளிச்சுன்னு தெரிய ஆரம்பிக்கும், தின்னர் காஞ்ச பெறகு கரைஞ்ச எண்ணெய் அந்த வட்டத்தச் சுத்தி ஒரு வளையமா ஒதுங்கி நிக்கும். மண்ணெண்ணெயும் கரைக்கும், ஆனா காயாம ரொம்ப நேரம் அங்கயே கெடக்கும். அந்த "அங்கயே கெடக்கும்" ரொம்ப முக்கியம், சீக்கிரம் ஆவியாகாத சாமான் தோல்லயும் துணியிலயும் நேரம் கூடத் தங்கி வேலை செய்யும். மண்ணெண்ணெயோ டீசலோ நனைஞ்ச களிசான போட்டுக்கிட்டே வேலை செஞ்சு தொடையில கொப்புளம் வந்தவங்க எல்லாப் பக்கமும் இருக்காங்க.

லெப்ல எப்படி முடிவு பண்றாங்கன்னும் தெரிஞ்சு வச்சிருங்க, ஏன்னா எஸ்டிஎஸ்ல 11ஆவது பகுதியில அந்த முடிவுதான் எழுதியிருக்கும். பழைய முறை முயல்ல செய்றது, 1944ல அமெரிக்காவுல ட்ரெய்ஸ்ன்னு ஒருத்தர் எழுதி வச்ச முறை, பெறகு ஓஈசிடி (பல நாடுகள் சேந்த பொருளாதார அமைப்பு) வெளியிட்ட 404ஆம் இலக்க டெஸ்ட் விதியாச்சு. முயலோட முதுகு மயிரச் சிரைச்சு 6 சதுர சென்டிமீட்டர்ல 0.5 மில்லிலீட்டர் வச்சு 4 மணித்தியாலம் விட்டு, எடுத்த பெறகு 1, 24, 48, 72 மணித்தியாலத்துல செவப்புக்கும் வீக்கத்துக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் மார்க் போடுவாங்க. சராசரி 2.3 அல்லது அதுக்கு மேல வந்தா எரிச்சல் ரகம். தாள்ல "முயல், 4 மணி, லேசான எரிச்சல்"னு இருந்தா "நமக்கு ஒன்னும் இல்ல"ன்னு நெனைக்காதீங்க, அது ஒரே ஒரு தடவ 4 மணிக்கு வச்சுப் பாத்தது, வருசக்கணக்கா படுறதுக்கு அந்த மார்க் பதில் சொல்லாது.

இப்ப முயல் தேவையில்லாத முறை வந்திருச்சு, ஓஈசிடி 439, 2010ல ஏத்துக்கிட்டாங்க. மனுசத் தோல் செல்ல எடுத்து லெப்ல வளத்து, மேல செத்த அடுக்கு வரைக்கும் நிஜத் தோல் மாதிரியே அடுக்கடுக்கா வர வச்சு, சின்னச் சின்ன வட்டமா வச்சிருப்பாங்க, எபிடேர்ம், எபிஸ்கின்னு எல்லாம் பேரு. அது மேல சாமான விட்டு, எந்த மாடல்ங்கிறதப் பொறுத்து 15ல இருந்து 60 நிமிஷம் வச்சு, கழுவிட்டு 42 மணித்தியாலம் விட்டுருவாங்க. பெறகு எம்டிடின்னு ஒரு மஞ்ச சாயம் விடுவாங்க, உயிரோட இருக்குற செல் அத ஊதாவா மாத்தும், செத்தது மாத்தாது. அந்த ஊதாவக் கரைச்சு மெஷின்ல அளந்து, ஒன்னும் வைக்காத தோலோட ஒப்பிட்டு, பாதி அல்லது அதுக்குக் கீழதான் உயிர் மிச்சம்னா எரிச்சல்னு முடிவு. சோல்வன்ட்டுக்கு ஒரு கவனம் வேணும், ஆவி பக்கத்துக் குழிக்குப் போய் அங்க உள்ள தோலையும் கெடுத்துரும், அதனால ஒப்பிடுறதுக்கு வச்சிருக்குற தோல வேற தட்டுல தூரமா வைக்கணும். நம்மால இது செய்ய ஏலாது, ஆனா சப்ளையர்கிட்ட "439 ரிப்போர்ட் இருக்கா"ன்னு ஒரு கேள்வி கேக்கலாம், கேட்டாத்தான் நம்மள விஷயம் தெரிஞ்சவங்கன்னு பாத்து ஒழுங்கா பதில் சொல்லுவாங்க.

மனுசத் தோல்ல வச்சுப் பாக்குற முறையும் இருக்கு, ஆனா அது ஆராய்ச்சி ஒழுக்கநெறிக் குழு அனுமதியோட, டொக்டர் பக்கத்துல நின்னு, மத்த எல்லா டெஸ்ட்லயும் சுடாதுன்னு உறுதியான சாமானுக்கு மட்டும். பட்டறை முதலாளி தொழிலாளிய கூப்பிட்டு "கைய நீட்டு பாப்போம்"ன்னு சொல்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அப்படிக் கேட்டா முடியாதுன்னு சொல்லுங்க. முக்கியமா, சோல்வன்ட்ட பஞ்சுல தொட்டு பிளாஸ்டர் போட்டு ஒட்டவே கூடாது, ஆவியாகி வெளிய போக வழி இல்லாம தோலுக்குள்ளயே வேலை செஞ்சு சில மணித்தியாலத்துல தீக்காயம் மாதிரி கொப்புளமாகிரும், தழும்பும் நிக்கும்.

அப்ப நம்ம கைய வச்சு ஒன்னுமே பாக்கக் கூடாதான்னா, பாக்கலாம், ஏற்கனவே வேலையில பட்டுக்கிட்டிருக்குற கைய. இதுதான் பட்டறையில செய்யக்கூடிய ஆக நேர்மையான டெஸ்ட். திங்கக்கெழம காலையில வேலைக்கு முன்னாடி ரெண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்துல போன்ல படம் எடுங்க, உள்ளங்கை, புறங்கை, வெரல விரிச்சு வெரல் இடுக்கு. வெள்ளி சாயந்தரம் அதே எடத்துல அதே வெளிச்சத்துல திரும்ப. எங்க பாக்கணும்னு சொல்றேன்: மொத வெரல் இடுக்கு, ஏன்னா அங்க தோல் மெல்லிசு, ஈரமும் தங்கும். அடுத்தது மோதிரத்துக்கு அடி. ஸ்பிரே பெயின்ட் அடிக்கிற ஒரு தம்பியோட கைய நான் பாத்தேன், மத்த வெரல் எல்லாம் காஞ்சு வெள்ளையா செதில் விட்டிருந்துச்சு, மோதிரம் போட்ட வெரல்ல மட்டும் மோதிரத்தோட அகலத்துக்கு ஒரு பட்டை, செவந்து மினுமினுன்னு ஈரமா, ஓரத்துல தோல் சுருண்டு இருந்துச்சு, மோதிரத்துக்கு அடியில போன தின்னர் வெளிய வர முடியாம அங்கயே நின்னிருக்கு. கல்யாண மோதிரமா இருந்தாலும் வேலை நேரத்துல கழட்டி வச்சிருங்க. பெறகு நகத்தோட ஓரச் சதை, கிளவ்ஸ் முடியுற மணிக்கட்டு, கண் இமை. இமை எதுக்குன்னா ஆவியும் கை தொடுறதும் அங்கதான் மொத காட்டும்.

எழுதி வைக்க வேண்டியது ரொம்ப இல்ல, எந்த சாமான், எவ்வளவு நேரம், கிளவ்ஸ் போட்டாரா, எரிச்சலா அரிப்பா. எரிச்சலும் காந்தலும் பட்ட எடத்துலயே பட்ட அன்னைக்கே வந்தா எரிச்சல் ரகம்னு சந்தேகப்படலாம், அரிப்பு முன்னுக்கு வந்து, ஒன்னு ரெண்டு நாள் கழிச்சு சின்னச் சின்ன நீர்க் கொப்புளமா, படாத எடத்துக்கும் பரவினா அலர்ஜிய சந்தேகப்படணும். தீபாவளி, தைப்பொங்கல்னு ஒரு வாரம் லீவுல வீட்டுல நிக்கும்போது கை ஆறி, திரும்ப வேலைக்குப் போன உடனே வந்தா வேலைச் சாமான்தான் காரணம்னு கிட்டத்தட்ட உறுதி. குளிரையும் கணக்குல எடுங்க, நுவரெலியா 1,868 மீட்டர் உசரம், ஜனவரி பெப்ரவரியில பனி பெய்யிற நாள்ல சும்மாவே கை வெடிக்கும், அந்த வெடிப்புக்குள்ள தின்னர் போனா மத்த மாசத்துல சும்மா இருந்த சாமான் கூடக் கடிக்கும். வீட்டுல உள்ளவங்க கையையும் பாருங்க. தின்னர் ஊறின ஓவரோல லயத்துப் பீலியில கையால கசக்கித் தொவைக்கிறது அம்மாவோ சம்சாரமோதான், அவங்க காலையில கொழுந்து பறிச்சு ஏற்கனவே வெடிச்ச வெரலோட வந்திருப்பாங்க. வேலை உடுப்ப வெளியில காத்தாட விட்டு, தனியா, கிளவ்ஸ் போட்டுத் தொவைக்கணும், அதையும் சம்பாதிக்கிற ஆளே செஞ்சா நல்லது.

கிளவ்ஸையும் டெஸ்ட் பண்ணணும், இத நெறைய பேர் மறந்துர்றாங்க. பார்மசியில கெடைக்கிற மெல்லிசு நீல நைட்ரைல் கிளவ்ஸ் டொலுயீனுக்கும் அசிட்டோனுக்கும் சில நிமிஷம்தான் தாங்கும், அதுக்குள்ள சாமான் உள்ள போய் கிளவ்ஸுக்குள்ளயே அடைஞ்சு நின்னா வெறுங்கைய விட மோசம். ஒரு புது கிளவ்ஸோட ஒரு வெரலுக்குள்ள கொஞ்சம் சாமான ஊத்தி முடிச்சுப் போட்டு, வெளிய ஒரு தகரத்துக்கு மேல தொங்கவிட்டு, பக்கத்துல ஒன்னும் ஊத்தாத வெரல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஊதி நீண்டுச்சா, கொழகொழன்னு ஆச்சா, சுருங்கிச்சா, வெளிப்பக்கம் டிஷ்யூ வச்சா ஈரமோ வாசமோ ஒட்டுதா. ஒன்னு தெரிஞ்சாலும் அந்த சாமானுக்கு அந்தக் கிளவ்ஸ் ஆகாது. ஒன்னும் தெரியலன்னா பாஸ்னு அர்த்தம் இல்ல, கண்ணுக்குத் தெரியாமலும் கசியும், அதனால எஸ்டிஎஸ்ல 8ஆவது பகுதியில என்ன ரகம் சொல்லியிருக்குன்னு பாத்துத்தான் முடிவெடுக்கணும். பொதுவா மண்ணெண்ணெய், வெள்ளை ஸ்பிரிட்டுக்கு தடிச்ச நைட்ரைல் நல்லா தாங்கும், அசிட்டோன், எம்ஈகேக்கு பியூட்டைல் ரப்பர், ரப்பர் பால்ல செய்ற சாதாரண லேடெக்ஸ் எந்த சோல்வன்டுக்கும் நம்ப முடியாது.

கை கழுவுறதுக்கு தின்னரும் பெட்ரோலும் வேண்டாம், சமைக்கிற எண்ணெய் கொஞ்சம் விட்டுத் தேச்சா பெயின்டும் கிரீஸும் எளகி வரும், துணியால தொடச்சிட்டு சாதாரண குளிக்கிற சோப்புல கழுவி, ஈரம் காயிறதுக்கு முன்னாடி வெசலின் தடவுங்க. துணி தொவைக்கிற பவுடரும் மரத்தூளும் மணலும் ஏற்கனவே காயப்பட்ட தோல இன்னும் சொறண்டி எடுக்கும்.

ரெண்டு வாரம் சாமான மாத்தி, கிளவ்ஸ் போட்டும் கை ஆறலன்னா, இல்லாட்டி அலர்ஜின்னு சந்தேகம் வந்தா, தோட்டத்து டிஸ்பென்சரியில குடுக்குற ஒயின்மென்ட்டோட நிப்பாட்டாம தோல் கிளினிக்குக்கு துண்டு எழுதிக் கேளுங்க, கண்டி தேசிய வைத்தியசாலையில தோல் கிளினிக் இருக்கு. போகும்போது அந்த எஸ்டிஎஸ்ஸையும் லேபிள் படத்தையும் நீங்க எடுத்த கைப் படங்களையும் கொண்டு போங்க. அலர்ஜிக்கு முதுகுல பெட்ச் டெஸ்ட் பண்ணுவாங்க, சரியான அளவுக்கு நீர்த்துப்போக வச்ச சாமான ஒட்டி, ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பாத்து, இன்னும் ரெண்டு நாள்ல திரும்பவும் பாப்பாங்க, அதனால கண்டிக்கு ரெண்டு மூணு தடவ போக வேண்டி வரும், அதுக்கு லீவு முன்கூட்டியே கேட்டு வைங்க, டெஸ்ட் நாள்ல முதுகு நனையக் கூடாது. வேலையால வந்த வருத்தம்னு டொக்டர் எழுதிக் குடுத்தா அந்தக் கடதாசியப் பத்திரமா வைங்க, 1934ஆம் ஆண்டு தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்துக்குக் கீழ கேக்க அது தேவைப்படலாம். முதலாளி எஸ்டிஎஸ்ஸும் தர மாட்டேன், கிளவ்ஸும் தர மாட்டேன்னு நின்னா தொழில் திணைக்களத்துல பெக்டரிகளப் பாக்குற இன்ஜினியர்மார் இருக்காங்க, 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அவங்களுக்கு உள்ள வந்து பாக்குற அதிகாரம் குடுத்திருக்கு.

நெறைய ஊத்துப்பட்டா டெஸ்ட் எல்லாம் யோசிக்காதீங்க: நனைஞ்ச உடுப்பு, சப்பாத்து, கடிகாரம் எல்லாம் உடனே கழட்டணும், ஓடுற தண்ணியில 15–20 நிமிஷம், பீலித் தண்ணி ஐஸ் மாதிரி குளிர்ந்தாலும் பாதியில நிப்பாட்டாம கழுவணும், கண்ணுல பட்டா இமைய விரிச்சுப் பிடிச்சு அதே அளவு நேரம். பற்பசை, எண்ணெய், மஞ்சள் ஒன்னும் பூசாதீங்க. யாராவது தெரியாம குடிச்சிருந்தா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, திரும்பி வர்றது நுரையீரலுக்குள்ள போயிரும். 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாம வரும், ஏத்தும்போது அந்த டின்னையும் கூடவே குடுத்து விடுங்க, என்ன சாமான்னு தெரிஞ்சா ஹொஸ்பிட்டல்ல சரியான வைத்தியம் பண்ண லேசா இருக்கும்.